இந்த வீட்டைப் பெருக்கியது யார்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவர்களைக் களப்பயணமாகப் பக்கத்து மாவட்டத்தில் உள்ள ஒரு பழைய அரண்மனைக்கு அழைத்துச் சென்றேன். நாற்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு பேருந்து. தூண்களை எண்ணினோம். அறிவிப்புப் பலகையில் இருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டோம். புறப்படும் நேரத்தில் ஒரு மாணவி என் அருகே வந்து, "டீச்சர், இவ்ளோ பெரிய வீட்டைத் தினமும் பெருக்குனது யாரு?" என்று கேட்டாள்.

அவளுடைய அம்மா நகரத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்பவர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், "நேரமாச்சு, வரிசையில் போ" என்றுதான் சொன்னேன். பேருந்து கிளம்பிவிடுமே என்ற அவசரம் ஒரு காரணம். எனக்குப் பதில் தெரியாது என்பது இன்னொரு காரணம். பலகையில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. என் பாடக்குறிப்பிலும் இல்லை. அவள் மறுபடி கேட்கவில்லை.

அந்தக் கேள்வி எனக்கு மீண்டும் எதிர்ப்பட்டது எதிர்பாராத ஓர் இடத்தில். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்கே போர்ட்லாந்து என்னும் துறைமுக நகருக்கு அருகில் என் தங்கை குடும்பத்துடன் வசிக்கிறாள். ஒரு மே விடுமுறையில், துறையின் தடையின்மைச் சான்று பெற்று, அவள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். "உனக்குப் பழைய கட்டடம் பிடிக்குமே அக்கா" என்று அவள் அழைத்துப்போன இடம் விக்டோரியா மேன்ஷன். அங்கு நான் கற்றுக்கொண்டது நம் வகுப்பறைக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

இத்தாலியில் இல்லாத இத்தாலிய வீடு

இந்த மாளிகை 1858 முதல் 1860 வரை கட்டப்பட்டது. கட்டியவர் ரகிள்ஸ் சில்வெஸ்டர் மோர்ஸ். மெய்ன் மாநிலத்தில் பிறந்து, நாட்டின் தென்கோடியில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆடம்பர ஓட்டல்கள் நடத்திப் பெரும் செல்வந்தரானவர். தென்பகுதியின் கோடை வெப்பத்திலிருந்து விலகி இருக்க, அவரும் அவர் மனைவி ஆலிவும் சொந்த மாநிலத்தில் அமைத்துக்கொண்ட கோடைக்கால வீடு இது. வடிவமைத்தவர் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி ஆஸ்டின் என்ற கட்டடக் கலைஞர்.

இதன் பாணியை 'இத்தாலியனேட்' என்கிறார்கள். இத்தாலியின் கிராமப்புறப் பண்ணை வீடுகளையும் மாளிகைகளையும் பார்த்து வியந்த ஆங்கிலேயர்கள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கள் நாட்டில் அதே சாயலில் வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். 1802இல் ஜான் நாஷ் வடிவமைத்த 'கிராங்க்ஹில்' என்ற வீட்டை இவ்வகையில் முதலாவதாகக் குறிப்பிடுவார்கள். விக்டோரியா மகாராணியும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் வைட் தீவில் கட்டிக்கொண்ட ஆஸ்போர்ன் மாளிகையும் இதே பாணிதான். அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் போன்றோர் எழுதிய வீட்டு வரைபடப் புத்தகங்கள் வழியே இது பரவியது. 1840களிலிருந்து சுமார் நாற்பது ஆண்டுகள் அங்கு செல்வாக்கோடு இருந்தது.

ஒரு கட்டடம் இந்தப் பாணியைச் சேர்ந்ததா என்று அறிய நான்கு அடையாளங்கள் போதும்.

1. சதுர வடிவக் கோபுரம். விக்டோரியா மேன்ஷனில் இது நான்கு மாடி உயரம்.
2. சரிவு குறைந்த கூரை. அதன் விளிம்பு சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருக்கும். அதைத் தாங்குவது போல வரிசையாகத் தாங்கு கட்டைகள் இருக்கும்.
3. மேற்பகுதி அரைவட்டமாக வளைந்த உயரமான ஜன்னல்கள்.
4. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி இல்லாத முகப்பு.

நான்காவது அடையாளத்தைக் கணித ஆசிரியர்கள் கவனிக்கலாம். சமச்சீர் நடத்தும்போது சமச்சீர் உள்ளவற்றை மட்டுமே காட்டுகிறோம். சமச்சீர் வேண்டாம் என்று தீர்மானித்தே கட்டிய ஒரு வீட்டின் படத்தை அருகில் வைத்தால் பிள்ளைகளுக்கு வேறுபாடு சட்டென்று விளங்கும்.

அறிவியல் ஆசிரியர்களுக்கும் இங்கே ஒரு பாடம் உண்டு. வெளிச்சுவரில் பதித்திருப்பது பழுப்பு நிற மணற்கல். இரும்பு ஆக்சைடு கலந்திருப்பதால்தான் அந்த நிறம். அது கனெக்டிகட் மாநிலத்தில் இருந்து வந்தது. அங்கே கல் வெட்டி எடுத்த ஊரின் பெயரும் போர்ட்லாந்துதான்! இந்தக் கல் செதுக்க எளிது. ஆனால் நீரை உறிஞ்சும். மெய்ன் மாநிலக் குளிரில் அந்த நீர் உறைகிறது. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடும் என்று நாம் நடத்துகிறோம் அல்லவா? அந்த அழுத்தம் ஆண்டுதோறும் கல்லை ஏடு ஏடாக உரித்துவிடுகிறது. கடற்கரை நகரமாதலால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. இந்த வீட்டைக் காப்பவர்களின் தீராத வேலை இந்தக் கல்லைப் பழுது பார்ப்பதுதான்.

கண்ணை ஏமாற்றும் சுவர்கள்

உள்ளே நுழைந்ததும் எதிரே மகோகனி மரத்தில் ஒரு படிக்கட்டு, பக்கச் சுவரைச் சாராமல் மேலே ஏறுகிறது. தலைக்கு மேலே வண்ணக் கண்ணாடிக் கூரைச் சாளரம். அறைகளின் அலங்காரம் முழுவதையும் கஸ்டாவ் ஹெர்ட்டர் என்பவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இவர் ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் தொழில் நடத்தியவர். நாற்காலி, மேசை, கம்பளம், விளக்கு, திரைச்சீலை என எல்லாமே ஒவ்வோர் அறைக்கும் ஏற்பத் திட்டமிடப்பட்டவை. துருக்கியப் பாணியில் ஒரு புகைபிடிக்கும் அறைகூட உண்டு.

சுவரிலும் மேற்கூரையிலும் உள்ள ஓவியங்கள் இத்தாலியில் பிறந்த ஜூசெப்பே குயிடிச்சினியும் அவருடைய குழுவினரும் வரைந்தவை. வரவேற்பறையின் மேற்கூரையில் செதுக்கிய பூவேலைப்பாடு புடைத்து நிற்பதாகத் தோன்றியது. தங்கையின் மகன், "பெரியம்மா, அது பெயின்ட்" என்றான். கழுத்தைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தபிறகுதான் நம்பினேன். ஒளி எந்தப் பக்கமிருந்து வரும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ப நிழலைத் தீட்டியிருக்கிறார்கள். தட்டையான பரப்பு செதுக்குவேலை போல நம் கண்ணை ஏமாற்றுகிறது.

1860இல் இந்த வீட்டில் எரிவாயு விளக்குகள் இருந்தன. குழாயைத் திறந்தால் வெந்நீரும் தண்ணீரும் வந்தன. வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு இருந்தது. வேலைக்காரர்களை அழைக்க அறைகளில் அழைப்பு மணி அமைப்பும் இருந்தது.

அந்த மணியைப் பற்றி வழிகாட்டி சொன்ன இடத்தில்தான் எனக்கு என் மாணவியின் நினைவு வந்தது. மணி அடித்தவர் ஓர் அறையில் இருக்கிறார். மணி கேட்டு ஓடி வந்தவர் எங்கே இருந்தார்? கரி அள்ளிப் போட்டவர் யார்? இவ்வளவு கம்பளத்தையும் பெருக்கியவர் யார்?

பணம் எங்கிருந்து வந்தது?

வழிகாட்டி ஒரு வயதான பெண்மணி. நான் கேட்காமலேயே அவர் இன்னும் ஒரு படி பின்னால் சென்றார். "இந்த வீட்டைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நாங்கள் சொல்லியாக வேண்டும்" என்றார்.

மோர்ஸின் செல்வம் நியூ ஆர்லியன்ஸ் ஓட்டல்களிலிருந்து வந்தது. அந்நாளில் அந்நகரம்தான் அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமைச் சந்தை. அங்கிருந்த பெரிய ஓட்டல்கள் சிலவற்றின் முகப்புக் கூடங்களிலேயே மனிதர்களை ஏலம் விட்டார்கள். மோர்ஸ் ஆப்பிரிக்க வம்சாவளியினரை அடிமைகளாக வைத்திருந்தவர். அவருடைய ஓட்டல்களில் சமைத்ததிலும் துவைத்ததிலும் பெருக்கியதிலும் அவர்களின் கூலியில்லாத உழைப்பு இருந்தது. அந்த வருமானம் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் வந்து, மகோகனிப் படிக்கட்டாகவும் வண்ணக் கண்ணாடியாகவும் மாறியது.

வரலாற்று ஆசிரியர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெய்ன் மாநிலத்தில் அடிமைமுறை கிடையாது. 1820இல் அது தனி மாநிலமானபோதே அடிமைமுறை இல்லாத மாநிலமாகத்தான் சேர்ந்தது. அடிமைமுறைக்கு எதிராக உலகையே அதிரவைத்த 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலை ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய பிரன்ஸ்விக் நகரம், போர்ட்லாந்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். அந்நாவல் நூலாக வெளிவந்தது 1852இல். ஆறு ஆண்டுகள் கழித்து, அதே வட்டாரத்தில், அடிமை உழைப்பில் வந்த பணத்தில் இந்த மாளிகை எழும்பத் தொடங்கியது. 'வடக்கு நல்லது, தெற்கு கெட்டது' என்று நாம் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு முடித்துவிடுகிறோம். அந்தக் கட்டங்களுக்கு இடையே பணம் தாராளமாகப் போய்வந்ததை இந்த வீடு காட்டுகிறது.

இந்த உண்மையை அருங்காட்சியகமே ஆராய்ந்து, பார்வையாளர்களிடம் வெளிப்படையாகச் சொல்கிறது என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. அலங்காரத்தை ரசிக்க வந்தவர்கள் முகம் சுளிக்கலாம். நுழைவுச்சீட்டு குறையலாம். ஆனாலும் சொல்கிறார்கள். சொன்ன பிறகும் அந்தப் படிக்கட்டு அழகாகத்தான் இருந்தது. செய்த கைகளையும் கொடுத்த விலையையும் சேர்த்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

காப்பாற்றியவர் ஓர் ஆசிரியர்

1893இல் மோர்ஸ் காலமானார். அடுத்த ஆண்டு, போர்ட்லாந்தில் பெரிய கடை நடத்திய ஜோசப் ரால்ஃப் லிபி என்பவர் வீட்டை வாங்கினார். லிபி குடும்பம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தது. ஆனால் அலங்காரத்தைப் பெரிதாக மாற்றவில்லை. வீட்டில் முதலில் இருந்த பொருள்களில் சுமார் 90 விழுக்காடு இன்றும் அங்கேயே இருக்கக் காரணம் இதுதான்.

பின்பு வீடு பூட்டிக் கிடந்தது. 1940 வாக்கில், அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் கட்டும் பேச்சு எழுந்தது. அப்போது அதை வாங்கிக் காப்பாற்றியவர் வில்லியம் ஹோம்ஸ், ஓய்வுபெற்ற ஒரு கல்வியாளர். தம் சகோதரி கிளாராவுடன் சேர்ந்து 1941இல் அதை அருங்காட்சியகமாகத் திறந்தார். விக்டோரியா மகாராணியின் நினைவாகப் பெயர் சூட்டியதும் அப்போதுதான். மகாராணி அமெரிக்க மண்ணையே மிதித்ததில்லை. 1970இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பள்ளிக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்த ஒருவர், ஓய்வுக்குப் பின் ஒரு வீட்டை ஊருக்குப் பாடமாக விட்டுச் சென்றிருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, கேள்வி கேட்ட ஒரு குழந்தையை வரிசையில் போகச் சொன்ன ஆசிரியையும் நானே என்ற கூச்சமும் இருந்தது.

வகுப்பறையில் செய்து பார்த்தது

பொதுவான அருங்காட்சியகத்தில் பல இடங்களிலிருந்து வந்த பொருள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். வீட்டு அருங்காட்சியகத்தில் பொருள் அது புழங்கிய இடத்திலேயே இருக்கும். நாற்காலி எந்த ஜன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது, மணி எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்பதிலிருந்து அங்கு வாழ்ந்தவர்களின் உறவுகளைப் படிக்கலாம். அதற்கு அரண்மனைதான் வேண்டும் என்பதில்லை. ஊர்த் திரும்பியதும் எங்கள் பள்ளிக் கட்டடத்தையே ஒரு வீட்டு அருங்காட்சியகமாகப் படிக்கலாம் என்று முடிவு செய்தேன். பயணச் செலவும் இல்லை, பேருந்தும் தேவையில்லை.

ஏழாம் வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து மூன்று கேள்விகள் கொடுத்தேன்.

• கண்ணுக்குத் தெரிவது என்ன? (பொருள், அளவு, வடிவம், தேய்மானம்)
• இதைச் செய்தது யார், செலவு யாருடையது?
• யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது, யாருடைய பெயர் எழுதப்படவில்லை?

முதல் நாள் சொதப்பல்தான். ஐந்து குழுவும் 'எங்கள் பள்ளி அழகாக உள்ளது' என்று கட்டுரை எழுதி வந்தன. தவறு என்னுடையது. கேள்வியைக் கொடுத்தேனே தவிர, பார்க்கப் பழக்கவில்லை. மறுநாள் ஒரே ஒரு படிக்கட்டை மட்டும் பத்து நிமிடம் பார்க்கச் சொன்னேன். "நடுவுல மட்டும் தேஞ்சிருக்கு டீச்சர்" என்றான் ஒருவன். "கைப்பிடிச் சுவர் நம்ம உயரத்துக்கு வழவழன்னு இருக்கு, மேல சொரசொரன்னு இருக்கு" என்றாள் இன்னொருத்தி. அதன்பின் அவர்களை நிறுத்த முடியவில்லை.

மூன்றாம் கேள்விக்கு வந்தபோது, முகப்பில் உள்ள கல்வெட்டின் முன் கூடினோம். திறந்து வைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர்கள் பெயர்கள் இருந்தன. கட்டியவர்கள் பெயர் இல்லை. ஊரில் விசாரித்து வரச் சொன்னேன். நான்காம் நாள் ஒரு மாணவன் தன் பாட்டியைக் கையைப் பிடித்து அழைத்துவந்துவிட்டான். இந்தக் கட்டடம் எழும்பியபோது அவர் இங்கே சித்தாள் வேலை பார்த்திருக்கிறார். பேரன் அங்கே படிக்கிறான், ஆனாலும் அவர் பள்ளி வராந்தாவில் ஏறியது அன்றுதான் முதல்முறை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தவர், மூன்றாவது தூணைத் தொட்டுப் பார்த்து, "இதுக்குச் சாந்து சுமந்தது நான்தான். இவன் அப்பன அந்த வேப்பமரத்துல தொட்டில் கட்டிப் போட்டிருந்தேன்" என்றார். நாற்பது பிள்ளைகளும் வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று நான் கையால் எழுதிய பாடக்குறிப்பைத் திறக்கவே இல்லை.

கொத்தனார், ஆசாரி, சித்தாள் எனப் பதினொரு பெயர்கள் கிடைத்தன. அவற்றைப் பிள்ளைகளே ஓர் அட்டையில் எழுதி, கல்வெட்டுக்குக் கீழே தலைமையாசிரியரின் அனுமதியுடன் மாட்டியிருக்கிறார்கள்.

இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. உழைப்பு, அடிமைமுறை போன்றவற்றைப் பேசும்போது, "உன் அப்பா என்ன வேலை, எழுந்து சொல்" என்று எந்தக் குழந்தையையும் நிறுத்தக் கூடாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நம் நாட்டில் வந்தது 1976இல்தான். நம் வகுப்பில் உள்ள சில குடும்பங்களுக்கு அது பாடப்புத்தகச் செய்தி அல்ல, வீட்டில் நடந்த கதை. சொல்ல விரும்பும் குழந்தை தானாகச் சொல்லும். சொல்லும்போது கேட்க நமக்கு நேரம் இருக்க வேண்டும்.

அன்று கேட்ட மாணவி இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு நாள் மாலை சிறப்பு வகுப்பு முடிந்து வந்தவளை நிறுத்தி, "அரண்மனையில ஒரு கேள்வி கேட்டியே, ஞாபகம் இருக்கா?" என்றேன். அவளுக்கு நினைவில்லை. எனக்கு இருந்தது. போர்ட்லாந்து மாளிகையின் படங்களைக் கைப்பேசியில் காட்டி, அதன் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அது சரி டீச்சர், நம்ம பக்கத்து அரண்மனையப் பெருக்குனது யாரு?" என்றாள்.

அதற்கு இன்னும் பதில் தெரியாது. இந்தக் களப்பயணத்தில் அதைத் தேடுவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளோடு அவளும் வருகிறாள்.